அந்தக் கண்ணாடிக் குளத்துல நிக்கறது எங்கம்மா: பாலி குரூப் டூர் நடத்தறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

சார்,

போன வாரம் உங்க புது விளம்பரம் வாட்ஸப்ல எனக்கு மூணு பேர்கிட்ட இருந்து வந்துச்சு. "ஒரே நாளில் பாலியின் மலைக்கோயில்களும் கடற்கோயிலும்"னு மேல பெரிய எழுத்து, கீழ மே மாச பேட்ச் தேதி. நடுவுல ரெண்டா பிளந்த கல் கோபுரம், பின்னாடி எரிமலை, கீழ அசையாத தண்ணி, அந்தத் தண்ணி ஓரமா மாம்பழக் கலர் காட்டன் புடவையில ரெண்டு கையையும் தூக்கிட்டு ஒரு அம்மா. அது எங்கம்மா சார். 67 வயசு, ரிட்டயர்டு டீச்சர். அவங்க படத்த போடலாமானு உங்க ஆபீஸ்ல இருந்து யாரும் எங்கள கேக்கல. அதவிட பெரிய விஷயம், அன்னிக்கு அந்த எரிமலை தெரியவே இல்ல, பூரா மேகம், என் போன்ல இருக்கற ஒரிஜினல் படத்துல கோபுரத்துக்கு நடுவுல வெறும் வெள்ளைதான் இருக்கு. உங்க விளம்பரத்துல மட்டும் மலை எப்படி வந்து உக்காந்துச்சுனு தெரியல.

உங்க கம்பெனி பேர நான் இங்க போடல. இதே ரூட்ட இதே மாதிரி விக்கறவங்க நம்ம ஊர்ல நீங்க மட்டும் இல்ல, அதனால எல்லாருக்கும் சேத்து எழுதறதா வச்சுக்கோங்க. ஊர் வந்ததும் நான் உங்களுக்கு நீளமா ஒரு மெயில் போட்டேன், பதில் ரெண்டு வரி, "இட்டினரரி மாறுதலுக்கு உட்பட்டது, மத்த பயணிகள் திருப்தியா இருக்காங்க". சரி ஏதோ ஒரு பேட்ச்ல சொதப்பிருச்சு, அடுத்த தடவை திருத்திப்பாங்கனு விட்டுட்டேன். இப்ப ஒரு வரி கூட மாத்தாம அதே நாளத்தான் மறுபடி விக்கறீங்க, அதுவும் எங்கம்மாவ நிக்க வச்சு.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், மத்த நாட்கள்ல குறை சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல. ரூம் நல்லாருந்துச்சு, விசா வேலை எல்லாம் நீங்களே பாத்தீங்க. பாலி கவர்ன்மென்ட் 2024 பிப்ரவரில இருந்து டூரிஸ்ட்கிட்ட வாங்கற 1,50,000 ரூபியா (அந்த ஊர் காசு) லெவி கூட முன்னாடியே கட்டி பேப்பர கையில குடுத்துட்டீங்க. என் கேள்வி பூரா அந்த நாலாம் நாள் பத்திதான். அம்மா ஏலச்சீட்டு எடுத்து தலைக்கு 74 ஆயிரம் கட்டினதே அந்த ஒரு நாளுக்காகத்தான். பீச்சுக்கும் ஊஞ்சலுக்கும் அவங்க வரல, இந்தோனேசியாவுல இன்னும் சிவன கும்பிடற ஒரு தீவு இருக்குனு கேள்விப்பட்டு, கண்ணால பாக்கணும்னு வந்தாங்க.

அன்னிக்கு உங்க பேப்பர்ல இருந்தது இது. காலைல 7:30க்கு நாங்க தங்கின கூட்டால இருந்து கிளம்பி லெம்புயாங் மலைக்கோயில் (போஸ்டர்ல இருக்கற அந்தக் கோபுரம் இங்கதான்), தீர்த்த கங்கா நீர் மாளிகை, பெசாகி மலைக்கோயில், சாயந்திரம் தானா லோட் கடற்கோயில்ல சூரிய அஸ்தமனம், நடுவுல "இந்தியன் வெஜ் லஞ்ச்". படிக்க ஜோரா இருக்கு. கட்டறதுக்கு முன்னாடி நான் மேப்ப பாத்திருக்கணும், பாக்கல, அது என் தப்புதான். ஊர் வந்து பாத்தேன். கூட்டால இருந்து லெம்புயாங் ரெண்டரை மணி நேரம், அங்கிருந்து பெசாகி ஒரு மணி நேரத்துக்கு மேல, பெசாகில இருந்து தானா லோட் மறுபடி ரெண்டரை மணி நேரம். லெம்புயாங் தீவோட கிழக்கு மூலை, தானா லோட் தென்மேற்கு கரை. பெருசா எக்ஸ்பிரஸ்வேயும் கிடையாது, ஏர்போர்ட் பக்கத்துல கடல் மேல போற ஒரு டோல் ரோட விட்டா மீதி முக்காவாசி ஊருக்குள்ள நுழைஞ்சு போற ரோடுதான், எந்த ஊர்ல திருவிழா ஊர்வலம் வந்தாலும் வண்டி நின்னுதான் போகணும், அது அவங்க ஊர், அவங்க வழக்கம், தப்பே இல்ல. பூமத்திய ரேகைக்கு பக்கம்கறதால வருஷம் பூரா அங்க ஆறு, ஆறே முக்காலுக்குள்ள சூரியன் இறங்கிடும். காலைல 7:30ல இருந்து கணக்கு போட்டாலும் 11 மணி நேரம்தான், அதுல ஆறு மணி நேரத்துக்கு மேல வண்டியிலயே போயிடும். பெசாகியையும் தானா லோட் அஸ்தமனத்தையும் ஒரே மதியத்துல காட்ட முடியாதுனு வருஷக்கணக்கா பாலி டூர் போடற உங்களுக்குத் தெரியாம இருக்குமா?

சரி, போட்டதுதான் போட்டீங்க, நேரத்தயாவது மிச்சம் பிடிச்சீங்களா? கிளம்பும்போதே 8:10. ஒரு மணி நேரம் கூட போகல, சேலுக்ல வெள்ளிப் பட்டறைனு இறக்கி விட்டாங்க, 45 நிமிஷம். பட்டறைல ஒரு அண்ணன் சின்ன உருண்டை உருண்டையா ஊதி ஒட்டிட்டு இருந்தார், அஞ்சு நிமிஷம் அத நல்லா பாத்தோம், மீதி 40 நிமிஷம் ஷோரூம். அப்புறம் லுவாக் காபி தோட்டம், அங்க 40 நிமிஷம். கூண்டுக்குள்ள ஒரு மரநாய் பகல் வெளிச்சத்துல சுருண்டு படுத்துக் கிடந்துச்சு, அது தின்னு கழிச்ச கொட்டையில இருந்துதான் இந்தக் காபினு சொன்னதும் எங்க குரூப்ல பாதி பேர் வெளிய வந்துட்டாங்க. இந்த ரெண்டு கடையும் உங்க இட்டினரரில இல்ல. அங்க நிறுத்தினா யாருக்கு என்ன கிடைக்கும்னு எங்களுக்கும் தெரியும் சார், பொழப்புதான், ஆனா அந்த 85 நிமிஷத்துக்கு காசு கட்டினது நாங்க.

லெம்புயாங் பார்க்கிங் போய் சேரும்போது மணி 12 ஆயிடுச்சு. நம்ம வண்டி மேல போகாது, அங்கிருந்து ஷட்டில் ஏறணும், அதுக்கு தனி காசு. இதையும் யாரும் முன்னாடி சொல்லல, பெரியவங்க எல்லாம் பர்ஸ தேடிட்டு நின்னாங்க. மேல போனதும் டோக்கன். ரெண்டே முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தோம் சார், ஒரு போட்டோவுக்கு.

அந்த போட்டோ எப்படி எடுக்கறாங்கனு உங்க விளம்பரத்த பாத்து காசு கட்டப்போறவங்க தெரிஞ்சுக்கட்டும். அங்க தண்ணியே கிடையாது. குளம் இல்ல, ஏரி இல்ல, ஒரு வாளித் தண்ணி கூட இல்ல, காஞ்ச கல் தரை. போட்டோ எடுக்கற தம்பி நம்ம போன வாங்கி, லென்ஸுக்கு கீழ ஒரு சின்ன கண்ணாடித் துண்ட ஒட்டினாப்ல பிடிக்கறார், பாதிப் படம் அதுல பிரதிபலிச்சு தண்ணி மாதிரி விழுது. 2019லயே இது உலகம் பூரா நாறிப்போன கதை, நீங்க இன்னும் "ஏரிக்கரை சொர்க்க வாசல்"னு போடறீங்க. ஒரு ஆளுக்கு அரை நிமிஷம், மூணு போஸ், "ஒன் டூ த்ரீ, நெக்ஸ்ட்". எங்கம்மா முறை வந்ததும் போய் நின்னுட்டு சுத்திமுத்தி பாத்து "தண்ணி எங்கடி?"னு சத்தமா கேட்டாங்க, க்யூல நின்ன நம்ம ஆளுங்க எல்லாம் சிரிச்சாங்க, அம்மாவும் சிரிச்சாங்க. அந்தத் தம்பி கைய தூக்கச் சொன்னார், தூக்கினாங்க. அதத்தான் இப்ப நீங்க போஸ்டர்ல போட்டிருக்கீங்க.

போட்டோ முடிஞ்சு திரும்பினப்பதான் அம்மா எதிர்ல பாத்தாங்க. கோபுர வாசலுக்கு நேர் எதிர்ல மூணு படிக்கட்டு, ஓரமா நாகம் நாகமா கைப்பிடிச் சுவர், மேல கோயில். அங்க கும்பிட வந்த ஒரு குடும்பம் வெள்ளைச் சட்டை, இடுப்புல மஞ்சத் துணி, தலைல தட்டு நிறைய பழத்தோட ஏறிட்டு இருந்தாங்க. கீழ நாங்க ஒரு 200 பேர் டோக்கன பிடிச்சுட்டு வாசலயே பாத்துட்டு உக்காந்திருக்கோம். "எல்லாரும் சாமிக்கு முதுக காட்டிட்டு உக்காந்திருக்கோமேடி"ன்னாங்க அம்மா. ரெண்டே முக்கால் மணி நேரத்துல எனக்கு அது தோணவே இல்ல, வெக்கமா இருந்துச்சு.

இது பாலியோட ஆறு பெருங்கோயில்ல ஒண்ணுனு, இந்த மலை மேல வரிசையா கோயில் இருக்குனு, உச்சிக் கோயிலுக்கு 1,700 படி கிட்ட ஏறணும்னு எதையும் உங்க டூர் மேனேஜர் தம்பி சொல்லல. டிரைவர்தான் சொன்னார், அவருக்கு தெரிஞ்ச இங்கிலீஷ்ல. பழனில 700 படி கிட்ட, அதுக்கே அம்மா இப்ப வின்ச்சுலதான் போறாங்க, அதனால மேல ஏறியிருப்பாங்கனு நான் சொல்ல வரல. ஆனா மேல ஒண்ணு இருக்குனு தெரிஞ்சிருந்தா நின்ன இடத்துல இருந்து அந்தத் திசைய பாத்து ஒரு கும்பிடாவது போட்டிருப்பாங்க. இன்னொண்ணும் அந்த டிரைவர் சொன்னார், லெம்புயாங் மலை ஏறும்போது வாயத் திறந்து குறை சொல்லக் கூடாதாம், ஐதீகம். அதான் இறங்கி ஊர் வந்து சேந்து, உக்காந்து நிதானமா சொல்லிட்டிருக்கேன்.

எங்க குரூப்ல ஒரு காலேஜ் பொண்ணு இருந்துச்சு. மாதவிடாய் நேரத்துல பெண்கள் உள்ள வரக்கூடாதுனு பாலி கோயில் வாசல்ல எல்லாம் போர்டு வச்சிருப்பாங்க. அந்த வழக்கம் சரியா தப்பாங்கறது வேற பேச்சு, எனக்கும் அதுல அபிப்பிராயம் இருக்கு. ஆனா வாசல்ல போய் நின்ன அப்புறம் 22 பேர் முன்னாடி உங்க மேனேஜர் அந்த போர்ட சத்தமா படிச்சு "யாராவது இருக்கீங்களா"னு கேட்டார். அந்தப் பொண்ணு மூஞ்சி போன போக்கு! கிளம்பறதுக்கு முந்தின நாள் குரூப்ல ஒரு மெசேஜ் போட்டிருந்தா அது ரூம்லயே முடிவு பண்ணியிருக்கும்.

மூணு மணிக்கு மேல சாப்பாடு. "இந்தியன் வெஜ் லஞ்ச்"ங்கறது ரோட்டோரக் கடை நாசி கோரெங்கா (அவங்க ஊர் பிரைடு ரைஸ்) மாறிடுச்சு, முட்டை மட்டும் எடுக்கச் சொல்லியாச்சாம். வாயில வச்சதுமே அம்மா தட்ட தள்ளிட்டாங்க. கூட வச்ச சம்பல்ல, அதான் அவங்க மிளகாய்ச் சட்னில, இறால் விழுது, தெராசினு சொல்வாங்க, அங்க முக்காவாசி சம்பல்ல அது இருக்கும். அது சைவம் இல்லனு பாலிக்கு ஆள் கூட்டிட்டு போற உங்களுக்கு தெரியாதா? டிரைவர் இறங்கிப் போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிட்டு வந்து குடுத்தார், காசு வாங்க மாட்டேன்ட்டார். தீர்த்த கங்காவ வண்டி ஜன்னல் வழியா காட்டினீங்க. 1946ல காராங்காசெம் ராஜா கட்டின நீர் மாளிகை, 1963 எரிமலை வெடிச்சப்ப சேதமாகி திரும்ப எடுத்துக் கட்டினது. எங்களுக்கு தெரிஞ்சது அதோட பார்க்கிங் மட்டும்தான்.

பெசாகி போறப்ப 4:30. இங்கதான் எனக்கு மனசே ஆறல. பாலிக்காரங்களுக்கு அதுதான் தாய்க்கோயில், ஆகுங் எரிமலையோட மடியில 1,000 மீட்டர் உயரத்துல படிப்படியா ஏறற கோயில் கூட்டம். 1963ல நூறு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கற ஏகாதச ருத்ர யாகம் இங்க நடந்துட்டு இருந்தப்பதான் மலை வெடிச்சுச்சு, சுத்துப்பட்ட ஊர்ல 1,000 பேருக்கு மேல செத்தாங்க, எரிமலைக் குழம்பு இந்தக் கோயில கொஞ்சத்துல விட்டுட்டு ஓரமா போயிடுச்சு. எப்பேர்ப்பட்ட இடம்! நீங்க குடுத்தது 35 நிமிஷம். சரோங் (இடுப்புல சுத்திக் கட்டற துணி) வாடகைனு தலைக்கு 50 ஆயிரம் ரூபியா வேற வாங்கினீங்க, உள்ள போனா அது டிக்கெட்லயே சேந்திருக்குனு அங்க இருக்கற உள்ளூர் கைடு சொல்றார்.

அந்த உள்ளூர் கைடு அம்மா நெத்தில திருநீற பாத்துட்டு, "நீங்க இந்துவா, கும்பிடணுமா?"னு கேட்டார். உள்பிராகாரத்துக்குள்ள வேடிக்கை பாக்க வர்றவங்கள விட மாட்டாங்க, கும்பிட வர்றவங்கள விடுவாங்களாம், இடுப்புல துணி கட்டி, பூத்தட்டு வாங்கி, பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போறேன், அரை மணி நேரம் ஆகும்னார். அம்மா முகத்துல அன்னிக்கு மொத தடவையா வெளிச்சம். உங்க மேனேஜர் வாட்ச்ச தட்டிக் காட்டி "டைம் இல்ல மேடம், சன்செட் மிஸ் ஆயிடும்"னார். வெள்ளிக் கடையில 45 நிமிஷம் இருந்துச்சு சார். காபித் தோட்டத்துல 40 நிமிஷம் இருந்துச்சு. சாமி கும்பிட 30 நிமிஷம் இல்ல.

அம்மா சண்டை போடற ஆள் இல்ல. பக்கவாட்டுச் சுவர் தாழ்வா இருந்த இடத்துல எம்பி எட்டிப் பாத்தாங்க. உள்ள மூணு உயரமான கல் ஆசனம், பத்ம திகா, நடுவுல சிவனுக்கு, ரெண்டு பக்கமும் பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும். குடையும் துணியும் கட்டியிருக்கு, ஆசனத்துல யாரும் இல்ல. "சிலைய காணோமேம்மா"ன்னேன். "சிதம்பரத்துல திரைய விலக்கினா என்னடி இருக்கும்?"னாங்க. அவ்ளோதான் பேசினாங்க. கைகூப்பி ஒரு நிமிஷம் நின்னாங்க, பின்னாடி விசில் ஊதற மாதிரி உங்க ஆள் எங்க பேர கூப்பிட்டுட்டே இருந்தார்.

அந்த சன்செட்டாவது கிடைச்சுதா? ஆறு மணிக்கு நாங்க கியான்யார் பக்கம் டிராஃபிக்ல நிக்கறோம். டிரைவர் ரேடியோவ லேசா சத்தமா வச்சார், திரிசந்தியா, அங்க தினம் மூணு வேளை ஒலிபரப்பாகற பிரார்த்தனை. ஓம் பூர் புவஸ் ஸ்வஹனு ஆரம்பிச்சுது, நம்ம காயத்ரிதான், உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் வேற. அம்மா சீட்ல நிமிந்து உக்காந்து கூடவே சொல்ல ஆரம்பிச்சாங்க. டிரைவர் கண்ணாடில பாத்தார், அவர் உதடும் அசைஞ்சுது. அந்த நாள் பூரா எங்கம்மா சாமி கும்பிட்டது அந்த டிராஃபிக்ல மட்டும்தான், அதுக்கும் நீங்க காரணம் இல்ல. ஜன்னலுக்கு வெளிய சூரியன் ஒரு டயர் கடை கூரைக்கு பின்னாடி இறங்கிடுச்சு.

தானா லோட் போனப்ப 7:50. டிக்கெட் கவுன்டர் மூடியாச்சு. நிரர்த்தர்னு ஒரு முனிவர் 16ஆம் நூற்றாண்டுல தங்கி, கட்டச் சொன்ன பாறைக் கோயில்னு சொல்வாங்க, அலை அரிச்ச பாறைய ஜப்பான் கடனுதவில செயற்கைப் பாறை வச்சு தாங்கி நிறுத்தியிருக்காங்க, கடல் வத்தற நேரம் நடந்தே போய் அடியில இருக்கற நல்ல தண்ணி ஊத்துல தீர்த்தம் வாங்கலாம். நாங்க பாத்தது இருட்டு. உங்க மேனேஜர் "அலை சத்தம் கேக்குது பாருங்க மேடம்"னார். அலை சத்தம் கேக்க ராமேஸ்வரம் போயிருப்போம் சார், ராத்திரி பஸ்ல.

வழியில டிரைவர் சொன்ன ஒரு விஷயத்த உங்களுக்கு சொல்லணும். அவங்களுக்கு திசையே மலையும் கடலும்தானாம். மலைப் பக்கம் காஜா, கடல் பக்கம் கெலோட், வீடு கட்டறது, தூங்கறப்ப தலை வைக்கறது வரைக்கும் அதத்தான் பாப்பாங்களாம். லெம்புயாங் போற அதே கிழக்கு ரோட்டுல கடலுக்கு எதிர்லயே கோவா லாவானு குகைக் கோயில் இருக்கு, உள்ள ஆயிரக்கணக்குல வௌவால் தொங்கும், அந்தக் குகை உள்ளுக்குள்ளயே பெசாகி வரைக்கும் போகுதுனு அங்க நம்பிக்கை. மலைக்கோயிலும் கடற்கோயிலும் ஒரே நாள்ல காட்டணும்னா கடவுளே ரூட் போட்டு குடுத்திருக்கார், நாங்க அந்த வாசல தாண்டிதான் போனோம், நிறுத்தல. தானா லோட் வேணும்னா அத இன்னொரு நாள் பெடுகுல் ஏரிக் கோயிலோட சேருங்க, 1,200 மீட்டர் உயரத்துல பெராத்தான் ஏரி, 1633ல கட்டின உலுன் டானு, அங்க நிஜமாவே தண்ணி இருக்கு, கோயில் நிஜமாவே அதுல பிரதிபலிக்கும். அங்கிருந்து இறங்கினா சாயந்திரத்துக்குள்ள தானா லோட் போயிடலாம்.

இப்ப நான் கேக்கறது. மே பேட்ச் கிளம்பறதுக்கு முன்னாடி அந்த நாலாம் நாள ரெண்டா பிரிங்க, இல்லனா தானா லோட்ட அதுல இருந்து தூக்கிட்டு அப்படினு விளம்பரத்துலயே சொல்லுங்க. ஒவ்வொரு இடத்துக்கும் எத்தன மணி நேரம் வண்டி, எத்தன நிமிஷம் கோயில்ல, எத்தன படி, எங்க ஷட்டில், எதுக்கு தனி காசுனு எழுதிக் குடுங்க. கடைக்கு நிறுத்தறதா இருந்தா அதையும் எழுதுங்க, வேண்டாம்னு சொல்றவங்க பேச்ச கேளுங்க. லெம்புயாங் போட்டோவ ஆசைப்படறவங்களுக்கு மட்டும் வைங்க, விடியக்காலைல கூட்டிட்டு போங்க, கண்ணாடினு சொல்லியே கூட்டிட்டு போங்க. பெசாகில கும்பிட ஆசைப்படறவங்கள முன்கூட்டியே கேட்டு வச்சு உள்ளூர் கைடுகிட்ட சொல்லி ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. பாலி கோயில் திருவிழா நிறைய 210 நாள் கணக்குல வரும், அந்த காலண்டர பாத்து தேதி போடுங்க. கோயில் விதிமுறை எல்லாம் முந்தின நாளே தமிழ்ல குரூப்ல போட்டுடுங்க, ஆம்பள மேனேஜர் வாசல்ல நின்னு கேக்க வேண்டாம். வெஜ்னு எழுதினா தெராசி இல்லாத வெஜ் குடுங்க. எங்க 22 பேர்கிட்ட சரோங்குக்குனு வாங்கின 50 ஆயிரம் ரூபியாவ திருப்பிக் குடுங்க, ஆளுக்கு சில நூறு ரூபாதான் வரும், ஆனா வாங்கினது வாங்கினதுதான்.

எங்கம்மா படத்த இன்னிக்கே எடுத்துடுங்க. போஸ்டர்ல இருந்து, ஸ்டேட்டஸ்ல இருந்து, உங்க ஏஜென்டுங்க பார்வர்டு பண்ணிட்டு இருக்கற வீடியோல இருந்து, எல்லாத்துல இருந்தும். எடுத்துட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, என் நம்பர் உங்ககிட்ட இருக்கு.

இப்படிக்கு,
நாலாம் நாள் வண்டியில மூணாவது வரிசை ஜன்னல் சீட், கரூர்